சிறு வண்டியில் பெரு விசை

டர்போ என்னும் சொல் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் வாயிலும் சரளமாகப் புழங்குகின்றது. லத்தீன் மொழியில் அது பம்பரத்தையும் குறிக்கும், சூறைக்காற்றையும் குறிக்கும். இரண்டுமே பொருத்தமானவை. எஞ்சினுக்குள் எரிந்து முடிந்த புகை சைலன்சர் வழியே வெளியேறுகின்றது. அப்படி வெளியேறும் புகையில் வெப்பமும் வேகமும் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. அதன் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால் அது பம்பரமாய்ச் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பூட்டினால் அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று மிகுந்தால் பெட்ரோலையும் மிகுத்து எரிக்கலாம். எஞ்சினின் பருமன் கூடாமலே விசை கூடிவிடுகின்றது. வீணாகப் போவதைப் பிடித்து வேலை வாங்கும் இந்த உத்திக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரட் பூகி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். கார்களுக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 1962-இல் அமெரிக்காவிலும், 1973-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 2002 டர்போ வாயிலாக ஐரோப்பாவிலும் அது சாலைக்கு வந்தது.

அரபியும் தமிழும் கற்பித்துக் காலங்கழிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். வேலையைக் கொண்டுவந்து சேர்த்தவர் நம் நண்பர் ஒருவர். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது நம் கையைப் பற்றிக்கொண்டு, "ஹஜ்ரத், என் மகன் வீட்டுக் காரைக் கெடுக்கப் போகிறான். இது ஹராம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுவான்" என்றார்.

மகன் நம்மிடம் ஓதியவன். அரபி இலக்கணத்தில் நல்ல பிடிப்பு உடையவனாய் இருந்தான். ஆலிமாவான் என்று நாமும் எதிர்பார்த்தோம். அவன் மெக்கானிக் ஆனான். அதில் நமக்கு வருத்தம் இல்லை. இன்று சொந்தப் பட்டறை வைத்து இரண்டு பையன்களுக்குத் தொழிலும் கற்றுக்கொடுக்கிறான். வீட்டுக் கார், 2006-ஆம் ஆண்டு மாருதி 800. அவன் தாயாருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரத்தில் இருமுறை டயாலிசிஸ் செய்ய முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டியிருக்கிறது. அந்தக் காரில்தான் போகிறார். அந்தக் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு டர்போ எஞ்சின் ஒன்றைப் பூட்டுவது மகனின் எண்ணம். சென்னைப் புதுப்பேட்டையில், விபத்தில் நொறுங்கிய பலேனோ ஆர்.எஸ். வண்டியிலிருந்து இறக்கிய எஞ்சின் ஒன்று அவனுக்குக் கிடைத்துவிட்டது. பழைய வண்டிகளை உறுப்பு உறுப்பாய்ப் பிரித்து விற்கும் கடைகள் புதுப்பேட்டையில் தெருத்தெருவாய் உண்டு என்பது பலரும் அறிந்ததே.

நண்பர் கேட்ட அந்த ஒரு வார்த்தையை நாம் சொல்லவில்லை. ஒன்றை ஆகாது என்று விலக்குமுன் அது இன்னதென்று அறிந்திருக்க வேண்டும். ஒரு தகப்பனாரின் அச்சத்துக்கு மார்க்கத்தின் முத்திரையைக் குத்திக் கொடுப்பதும் நம் வேலையன்று. ஒரு மாதம் தவணை கேட்டுக்கொண்டு மறுநாளே பட்டறைக்குப் போனோம்.

எஞ்சின் ஒரு மரக்கட்டையின் மேல் கோணி விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கவாட்டில் நத்தைக்கூடு போன்ற வார்ப்பு ஒன்று; அதுதான் டர்போ என்றான். உள்ளங்கையில் அடங்கிவிடும் சக்கரம், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் என்றும், அதன் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்வதால் எண்ணெய் சற்றே குறைந்தாலும் தீய்ந்துவிடும் என்றும் விளக்கினான். சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த ஒளியை, முன்பு கடினமான வாக்கியம் ஒன்றுக்கு இஃராப் சொல்லி முடித்தபோது கண்டிருக்கிறோம்.

கணக்கை அவனே எழுதிக் காட்டினான். மாருதி 800-இன் எஞ்சின் 796 சி.சி.; ஏறத்தாழ 37 குதிரைத்திறன். வண்டியின் எடை சுமார் 650 கிலோ. இந்தப் புதிய எஞ்சின் 998 சி.சி.தான், திறனோ ஏறத்தாழ 101. சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை பழையதைப்போல் இரண்டரை மடங்கு. "பெரிய எஞ்சின் இல்லை ஹஜ்ரத், இதற்கும் மூன்று சிலிண்டர்தான்" என்றான், நாம் அதைக் கேட்டுச் சமாதானம் அடைவோம் என்று எண்ணியவனைப்போல.

பின்பு அவன் வைத்த வாதம் லேசானதன்று. நம் நாட்டில் 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800, ஜப்பானிய சுசுகி ஆல்டோவின் வடிவம். 1986-இல் அதற்குப் புதிய உடல் வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை, முகத்தில் சில மாற்றங்களோடு, அந்த உடலே தொடர்ந்தது. அதே தலைமுறை ஆல்டோவில் 1987-ஆம் ஆண்டு சுசுகி நிறுவனம் டர்போ எஞ்சினைப் பூட்டி 'ஆல்டோ வொர்க்ஸ்' என்னும் பெயரில் விற்றது. 543 சி.சி. எஞ்சின், 64 குதிரைத்திறன்! அந்தக் கையகல எஞ்சின் இவ்வளவு விசை காட்டியதைக் கண்ட பின்னர், ஜப்பானியக் கார் நிறுவனங்கள் சிறு வண்டிகளுக்கு 64-ஐயே எல்லையாக வைத்துக்கொள்வதென்று தமக்குள் இசைந்தன. "இந்த உடலில் டர்போ ஓடியிருக்கிறது ஹஜ்ரத். நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை" என்பது அவன் வாதம்.

இந்த வாதத்தை உரிய மதிப்போடு எடுத்துக்கொண்டோம். ஆயினும் இரண்டு செய்திகளை அவனே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்று, அங்கே ஓடியது 64. இவன் பூட்ட நினைப்பது 101. மற்றொன்று, அங்கே எஞ்சினைப் பூட்டியவர்கள் வண்டியைப் படைத்தவர்களே. அந்த வரிசையின் உயர்ந்த வகையில் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும்படி அமைத்தார்கள். முன்சக்கரங்கள் இரண்டை மட்டும் நம்பவில்லை.

அவன் கைபேசியில் காட்டிய பல வண்டிகளுள் நம் மனத்தில் தங்கியது பிரெஞ்சு நாட்டு ரெனோ 5. பின்கதவைத் தூக்கித் திறக்கும் சிறிய குடும்ப வண்டி, 1972-இல் வந்தது. எஞ்சின் முன்னால், விசை முன்சக்கரங்களுக்கு. தொடக்கத்தில் அதன் எளிய வகைக்கு 782 சி.சி. எஞ்சின்தான். கடைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட, அதற்காகவே பிறந்தது. ரெனோ நிறுவனத்துக்கோ அக்காலத்தில் டர்போவின் மேல் பெருங்காதல். 1977-இல் சில்வர்ஸ்டனில் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு டர்போ வண்டியைக் கொண்டுவந்தார்கள். அது அடிக்கடி புகைந்து நின்றமையால் ஆங்கிலேயர்கள் 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று நகைத்தார்கள். 1979-இல் பிரான்சின் டிஜோன் களத்தில் அந்தக் கெண்டியே முதலில் வந்தது, நகைப்பும் நின்றது.

அடுத்த ஆண்டு, 1980-இல், குடும்ப வண்டியான ரெனோ 5-இலும் டர்போவைப் பூட்டினார்கள். 1397 சி.சி. எஞ்சின், 160 குதிரைத்திறன். எப்படிப் பூட்டினார்கள் என்பதில்தான் நம் கவனம் சென்றது. முன்னாலிருந்த எஞ்சினை எடுத்துவிட்டு, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பிள்ளைகள் உட்காரும் பின்னிருக்கை இருந்த இடத்தில் புதியதை வைத்தார்கள். விசையை முன்சக்கரங்களிலிருந்து பின்சக்கரங்களுக்கு மாற்றினார்கள். பின்சக்கரங்களை அகலமாக்கினார்கள், அவற்றை மூடப் பின்பக்க உடலையே இருபுறமும் புடைத்து எழச்செய்தார்கள். கியர்பாக்ஸை ரெனோ 30 என்னும் பெரிய காரிலிருந்து எடுத்தார்கள். நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். எடையைக் குறைக்கக் கதவுகளையும் கூரையையும் அலுமினியத்தில் செய்தும் வண்டி 970 கிலோ எடைக்கு ஏறிவிட்டது. 1981-இல் மான்டி கார்லோ பந்தயத்தில் ழான் ரக்னொட்டி இதை ஓட்டி வென்றார். பெயர் ரெனோ 5. முகமும் ஏறத்தாழ அதே முகம். ஆனால் குடும்ப வண்டி அன்று. இரண்டு பேருக்கு மேல் அதில் ஏற இயலாது. அதைப் படைத்தவர்களுக்கு இது தெரியும். அவர்கள் மறைக்கவும் இல்லை.

டர்போ வண்டியில் அக்காலத்தில் இன்னொரு தொல்லை இருந்தது. காலை அழுத்தியதும் விசை வராது. புகை சேர்ந்து, பம்பரம் வேகம் பிடித்து, அதன்பின்தான் வரும். வரும்போது மொத்தமாய் வரும். வளைவின் நடுவில் அப்படி வந்தால் என்னாகும் என்று அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம். இக்கால எஞ்சின்களில் இந்தத் தாமதம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று நம் மாணவன் வாதாடினான். உண்மைதான். ஆனால் அப்படிக் குறைப்பது கணினி. அந்தக் கணினியும் அதன் கம்பிகளும் உணர்கருவிகளும் பலேனோவின் உடலுக்கென்று கோக்கப்பட்டவை.

அரபியில் ஸர்ஃப் பாடம் தொடங்கும் பிள்ளைகளுக்கு நாம் வழக்கமாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 'ஃபரிஹ' என்றால் மகிழ்ந்தான். நடுவெழுத்தை இரட்டித்து 'ஃபர்ரஹ' என்றால் மகிழ்வித்தான். ஓர் எழுத்துத்தான் அழுந்தியது. ஆயின் முன்னது தானே நிறைந்து நிற்கும், பின்னது யாரை என்று கேட்டு நிற்கும். தமிழும் இங்கே அரபிக்குத் தோழனாகிவிடுகின்றது. 'ஓடு' என்பதில் டகரம் இரட்டித்தால் 'ஓட்டு'. 'ஆடு' என்பது 'ஆட்டு' ஆகும். தன்வினை பிறவினையாகி, செயலைத் தாங்க வேறொருவரைத் தேடுகின்றது. இந்தப் பாடம் அவனும் நம்மிடம் படித்ததே. ஆகவே, "நடுவெழுத்தை இரட்டிக்கப் போகிறாய், தம்பி. மஃப்ஊல் யார் யார்?" என்று கேட்டோம்.

சிரித்துவிட்டு விரல்விட்டு எண்ணினான். கிளட்ச் தாங்காது; கியர்பாக்ஸ் தாங்காது, இரண்டையும் பலேனோவிலிருந்தே எடுக்கவேண்டும். சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் ஆக்சில் தண்டுகளை அளவெடுத்துக் கடைய வேண்டும். ரேடியேட்டர் போதாது, அழுத்திய காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் ஒன்றும் வேண்டும், அதற்கு முன்பக்கத் தகரத்தை வெட்ட வேண்டும். பெட்ரோலை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சும் எஞ்சின் ஆதலால் பம்பும் குழாய்களும் புதியன வேண்டும். சக்கரம் 12 அங்குலம். அதற்குள் பெரிய பிரேக் அடங்காது, ஆகவே சக்கரமும் மாற வேண்டும். சக்கரம் மாறினால் ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர். பட்டியல் அவன் கையிலிருந்த தாளின் மறுபக்கத்துக்கும் போயிற்று. பிரேக்கைப் பற்றி அவன் சொன்ன கணக்கை நாமும் குறித்துக்கொண்டோம்: வேகம் இருமடங்கானால், நிறுத்தும்போது பிரேக் விழுங்கவேண்டிய வெப்பம் நான்கு மடங்கு. மணிக்கு 60-இல் வரும் வண்டியை நிறுத்தும் கட்டை, 120-இல் வருவதை நிறுத்தும் என்று கருதலாகாது.

இவ்வளவு எண்ணியவனின் பட்டியலில் இருக்கையில் அமரும் ஒருவரும் இடம்பெறவில்லை. அதை நாம்தாம் சொல்லவேண்டி வந்தது. கை நரம்பில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு கட்டிக்கொண்டு, தலைசுற்றலோடு திரும்பிவருகின்ற ஒரு பெண்மணி அந்தப் பட்டியலில் எங்கே என்று கேட்டோம். வண்டி பட்டறையில் பிரிந்து கிடக்கும் இரண்டு மூன்று மாதங்கள் அவர் எதில் போவார் என்றும் கேட்டோம். ஆட்டோவில் அனுப்பலாம் என்று நினைத்ததாகச் சொன்னான். முப்பது கிலோமீட்டர்!

மோட்டார் காருக்கு அரபியில் இன்று வழங்கும் சொல் 'ஸய்யாரா'. கார் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அச்சொல் இருந்தது. யூசுஃப் நபி (அலை) அவர்களைக் கிணற்றிலிருந்து எடுத்த வழிப்போக்கர் கூட்டத்தைத் திருக்குர்ஆன் அச்சொல்லாலேயே குறிக்கின்றது. தனியொருவனின் பயணத்துக்கு அன்று, சேர்ந்து போகும் கூட்டத்துக்கே அது பெயராய் இருந்தது. இதையும் அவனிடம் சொன்னோம். சொன்னபோது அவன் எஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சட்டத்தையும் விசாரித்தோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறாகப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. எரிவாயுவுக்கோ மின்சாரத்துக்கோ முறைப்படி மாறுவதற்கு வழி விடப்பட்டிருக்கின்றது. விசையைக் கூட்ட அத்தகைய வழி இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றுகின்ற உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியாதலின் அடுத்த புதுப்பித்தலின்போது எஞ்சின் எண்ணைப் பார்ப்பார்கள். காப்பீட்டு நிறுவனமும் இழப்பீடு தர மறுக்கக்கூடும். சாலையில் அடிபடுபவர் யாரோ ஒருவர்; அவர் குடும்பம் இழப்பீட்டுக்கு நீதிமன்றப் படியேற நேர்ந்தால் அதற்குப் பொறுப்பு யார்? "பலபேர் செய்கிறார்கள் ஹஜ்ரத், யாரும் பார்ப்பதில்லை" என்றான். யாரும் பார்ப்பதில்லை என்பதை நம்மிடமா சொல்கிறாய் என்றோம். தலை குனிந்துகொண்டான்.

தவணை முடிந்ததும் நண்பரிடம் போனோம். சாலையில் ஓடும் அந்த வண்டியில் இது வேண்டாம் என்றோம். சட்டமும் இடம் தரவில்லை, வண்டியின் மேல் தாயாருக்கு உள்ள உரிமையும் இடம் தரவில்லை. ஆனால் எஞ்சினைக் கூட்டுவது ஹராம் என்றோ, மகன் தவறான வழியில் போகிறான் என்றோ நாம் சொல்ல மாட்டோம் என்றும் சொன்னோம். நண்பருக்கு முன்பாதி இனித்தது, பின்பாதி கசந்தது. அவர் மகனின் பட்டறைக்கு அதுவரை ஒருமுறையும் போனதில்லை என்பது பேச்சின் இடையில் தெரியவந்தது. பட்டறை தொடங்கி ஆறு ஆண்டுகள். ஆலிமாக வேண்டியவன் கிரீஸ் கையோடு நிற்பதைப் பார்க்க மனம் இல்லையாம். இதை நம்மால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. வீட்டுக் காரைத் தவிர வேறெதிலும் தன் திறமையைத் தகப்பனாருக்குக் காட்ட வழியில்லாத பிள்ளை, வீட்டுக் காரில்தான் கை வைப்பான் என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டு வந்தோம்.

விசையைக் கூட்டாமலே வண்டியைத் துரிதமாக்கலாம் என்பதற்கு நம் கொங்கு நாட்டிலேயே முன்னோடி உண்டு. கோவை எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் இதே மாருதி 800-இன் எளிய எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் இலேசான பந்தய உடலில் வைத்தார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயன் அந்த வண்டியில் பந்தயம் பழகியவர். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார்; கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த ஓடுபாதைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நம் மாணவன் அங்கே ஒருமுறை போய் வந்திருக்கிறான். அவன் எஞ்சினுக்கு உரிய இடம் அதுபோன்ற களம்தான் என்று அவனுக்கும் இப்போது தோன்றுகின்றது. பதிவு நீக்கிய பழைய உடல் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறான். விலை இன்னும் படியவில்லை.

மாருதி 800-க்குப் பின்பக்க பிரேக் கட்டைகளும் நான்கு டயர்களும் புதிதாய் மாற்றினான். வண்டியில் இன்னும் என்ன செய்யலாம் என்று தாயாரைக் கேட்டானாம். இருக்கை மிகவும் தாழ்வாய் இருக்கிறது, எழுந்திருக்க முழங்கால் வலிக்கிறது என்றாராம். இதை முன்பு எவரிடமும் அவர் சொன்னதில்லை. எவரும் கேட்டதும் இல்லை. தடித்த மெத்தை ஒன்றை அளவெடுத்துத் தைத்துப் போட்டிருக்கிறான்.

எஞ்சின் பட்டறையிலேயே, அதே மரக்கட்டையின் மேல் இருக்கின்றது. வேலை ஓய்ந்த மாலைகளில் பையன்கள் இருவருக்கும் அதைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொடுக்கிறான். சென்ற மாதம் ஒரு மாலை நண்பர் அங்கே போயிருக்கிறார். அந்த நத்தைக்கூட்டைத் தொட்டுப் பார்த்து, இது எவ்வளவு சுற்று சுற்றும் என்று கேட்டாராம். மகன் சொன்ன எண்ணை அவர் நம்பவில்லை. மறுநாள் அஸருக்குப் பின் அதே படியில் நம்மை நிறுத்தி, "நிமிடத்துக்கு ஒரு லட்சமாம், ஹஜ்ரத், மெய்தானா?" என்று கேட்டார். மெய்தான் என்றோம்.